மழையும் மலையேற்றத் திட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, மேகமலை, சதுரகிரி, வெள்ளியங்கிரி என மேற்கு மலைகளுக்கும், ஜவ்வாது, ஏற்காடு, கொல்லிமலை, பர்வதமலை போன்ற உள் மாவட்ட மலைகளுக்கும் நடக்கப் போகிறவர்கள் மழைக்காலத்தில் கேட்கும் கேள்விகள் இவை. கிளம்பும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். ஓடைக்கரையில் நின்றுகொண்டு படிப்பதற்கானது அல்ல இது.

ஜூலையில் மலை ஏறலாமா? நவம்பரில்?

ஏறலாம், சரியான மலையைத் தேர்ந்தெடுத்தால். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்கைப் பார்த்த சரிவுகள்தான் அதை முழுதாக வாங்கும்: வால்பாறை, சின்னக்கல்லாறு, கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது அடி வாங்குவது கிழக்குப் பக்கம்: குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலின் கீழ்ச் சரிவுகள், சிறுமலை, கொல்லிமலை, ஏற்காடு.

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அது. அதே நாட்களில் நீலகிரியின் கிழக்கு ஓரத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் பெய்தது. எனவே "நீலகிரியில் மழையாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

இரண்டு பருவங்களுக்கும் குணம் வேறு. தென்மேற்குக் காலத்தில் மேற்குச் சரிவில் இரவு பகல் பாராமல் சாரலும் மழையுமாக இருக்கும். விடியலில் கிளம்பித் தப்பிக்கும் உத்தி அங்கே எடுபடாது. ஏப்ரல், மே மாதக் கோடை மழையும், உள் மாவட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில் பெய்யும் இடிமழையும் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு மேல் கட்டும். அந்த மாதங்களில் காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்கி, நண்பகலில் உச்சியை விட்டு இறங்கியிருந்தால் பாதி ஆபத்து கழிந்தது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அன்று மலை வேண்டாம்.

வானிலை அறிக்கையில் "கனமழை" என்றால் எவ்வளவு?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு 24 மணி நேரத்துக்கானது, காலை 8.30 மணிக்கு முடியும். 64.5 மி.மீ. முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை.

இந்த "மிதமான" என்ற சொல்தான் பலரை ஏமாற்றுகிறது. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 50 மி.மீ. பெய்தால் 5 கோடி லிட்டர். அதில் ஒரு பகுதிதான் மண்ணுக்குள் போகும். மீதி நீங்கள் காலையில் செருப்புக்கூட நனையாமல் தாண்டிய ஓடை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அதே 50 மி.மீ. நாள் முழுவதும் தூறலாகப் பெய்தால் ஓடை சற்றே பெருகும். ஒரு மணி நேரத்தில் கொட்டினால் காட்டாறு. அறிக்கையில் இரண்டும் மிதமான மழைதான்.

"ஓரிரு இடங்களில்" என்ற சொல்லையும் கவனியுங்கள். மாவட்டத்தின் நாலில் ஒரு பங்கு இடங்கள் வரை என்று அதற்குப் பொருள். மலை மாவட்டத்தில் அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் மலைமேல்தான் இருக்கும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளுக்கு என்ன செய்வது?

சிவப்பு, ஆரஞ்சு: பயணத்தை ரத்து செய்யுங்கள் அல்லது வேறு மாவட்டத்துக்கு மாற்றுங்கள். மஞ்சள்: ஓடை குறுக்கிடாத, பாறை ஏற்றம் இல்லாத, பாதியில் திரும்ப முடிகிற பாதையாக இருந்தால் மட்டும் போகலாம். எச்சரிக்கையே இல்லாத நாளிலும் அந்தந்த இடத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் உடனடி முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் முன்பு முடிவெடுப்பது?

மூன்று கட்டமாக.

மூன்று நாளுக்கு முன்: மாற்றுத் திட்டத்தை முடிவு செய்யுங்கள். ஐந்து நாளுக்கு முந்தைய முன்னறிவிப்பை நம்பி எதையும் ரத்து செய்ய வேண்டாம், எதையும் உறுதி செய்யவும் வேண்டாம். அதில் போக்கு மட்டும்தான் தெரியும்.

முந்தைய நாள் மாலை: மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். பிறகு வழிகாட்டியையோ, அடிவாரத்தில் கடை வைத்திருப்பவரையோ அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். நேற்றும் இன்றும் மேலே மழை பெய்ததா? ஓடையில் தண்ணீர் எந்த நிறத்தில் போகிறது? நேற்று யாராவது மேலே போய்த் திரும்பினார்களா? "கிளைமேட் எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் "சூப்பரா இருக்கு, வாங்க" என்றுதான் பதில் வரும். வாடிக்கையாளரை இழக்க யாருக்கும் மனம் வராது. தண்ணீரின் நிறத்தைக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

கிளம்பும் காலை: உச்சி தெரிகிறதா, மேகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அன்று எந்த மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்பதைக் குழுவில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

நேற்று முழுக்க மழை; இன்று பளிச்சென்று வெயில். போகலாம்தானே?

மழை நாளைவிட இந்த நாள்தான் ஆட்களைச் சிக்க வைக்கிறது. மண் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். அடுத்து வரும் சிறு மழைகூட உள்ளே போகாமல் அப்படியே வழிந்து ஓடும். சரிவுகள் மழையின்போது மட்டும் சரிவதில்லை, நின்ற பிறகும் சரியும். பாறையின் மேல் பாசி இரண்டு நாள் வெயில் பட்டால்தான் காயும். சோலைக்குள் வெயிலே படாத இடத்தில் மாதக்கணக்கில் காயாது.

தொடர்ந்து இரண்டு நாள் கனமழை பெய்திருந்தால், நின்ற பிறகு குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள். செங்குத்தான மண் சரிவு உள்ள பாதைக்கு இரண்டு மூன்று நாள்.

தேதியை மாற்றுவதா, மலையை மாற்றுவதா, பாதையைச் சுருக்குவதா?

விடுமுறை கிடைப்பது கடினம் என்றால் மலையை மாற்றுங்கள். மேற்குச் சரிவுக்குத் திட்டமிட்டு ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் ஏற்காடு, ஜவ்வாது பக்கம் திரும்பலாம். அங்கே மாலை இடிமழையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நவம்பரில் கொல்லிமலையோ கோத்தகிரியோ கெட்டால் வால்பாறை, டாப்சிலிப், கூடலூர்ப் பக்கம் பெரும்பாலும் அவ்வளவு மோசமாக இருக்காது. இதற்காகவே ஒவ்வொரு பயணத்துக்கும் எதிர்ப் பருவத்து மலை ஒன்றை முன்பே குறித்து வைப்பது நல்லது.

பாதையைச் சுருக்குவதானால் உச்சியை விடுங்கள். ஓடைக்கு இந்தப் பக்கமே முடிகிற பாதி வழி, தேயிலைத் தோட்டச் சாலை, ஜீப் பாதை ஆகியவை மழைக்கு ஏற்றவை. அருவியை நோக்கிப் போகும் பாதையைச் "சுருக்கமான பாதை" என்று நினைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். நனைந்த படியில் இறங்குவது ஒரு பாடு. கீழே நிற்கும்போது மேலே எங்கோ பெய்யும் மழை கண்ணுக்குத் தெரியாது, ஆபத்து அதில்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

அனுமதி, முன்பதிவு, இ-பாஸ் எல்லாம் என்ன ஆகும்?

2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு, தமிழக வனப்பகுதியில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் நடப்பது குற்றம். 2024 அக்டோபரில் வனத்துறை "டிரெக் தமிழ்நாடு" என்ற இணையதளத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவைத் தொடங்கியது. அனுமதி குறிப்பிட்ட பாதைக்கும் தேதிக்கும் உரியது. கையில் ஒரு பாதைக்கான சீட்டு இருக்கிறது என்பதற்காக மழைக்குப் பயந்து பக்கத்துப் பாதையில் ஏறிவிட முடியாது. மாற்று மலைக்குத் தனி அனுமதி வேண்டும், அல்லது அனுமதி தேவைப்படாத பொதுச் சாலையாக இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன்பே ரத்து விதியைப் படியுங்கள். துறை பாதையை மூடினால் என்ன, நீங்களாக ரத்து செய்தால் என்ன என்ற இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தங்கும் அறையை முடிந்தவரை அடிவார ஊரில் எடுத்தால் மலை மாறினாலும் அறை வீணாகாது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது. கடைசி நேரத்தில் அந்தப் பக்கம் மலையை மாற்றினால் இதை மறந்துவிடுவார்கள்; செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் இல்லாமல் தவிப்பார்கள்.

கோயில் மலைக்கு வேண்டுதலோடு வந்திருக்கிறோம். திரும்பிப் போகச் சொல்கிறார்களே?

மனசு கேட்காதுதான். ஆனால் அந்தத் தடைக்குப் பின்னால் உயிர்ப்பலி இருக்கிறது. சதுரகிரிக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறும் வழி ஓடைகளைப் பல இடங்களில் தாண்டுகிறது. 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் அங்கே பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அமாவாசை, பௌர்ணமியில் கூட்டம் அதிகம்; ஏறும்போது வறண்டிருந்த ஓடை, இறங்கும்போது நூற்றுக்கணக்கானவர்களை மறுகரையில் நிறுத்திவிடும். அடுத்த பௌர்ணமிக்கு வரலாம். அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற பெரியவர்கள் எல்லா மழைக்காலத்திலும் உண்டு.

பர்வதமலையில் பிரச்சினை வேறு. உச்சிக்கு அருகில் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துப் பாறையில் ஏற வேண்டும். நனைந்த இரும்பு கையை வழுக்கும், இடி நேரத்தில் மின்னலையும் கடத்தும். தொலைவில் ஓர் இடிச் சத்தம் கேட்டால்கூட அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது.

மழையில் நேரம் எவ்வளவு கூடும்?

காட்டுப் பாதைக்கு மணிக்கு 4 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் காய்ந்த நாளில் மூன்றரை மணி நேரம். மழையில் அதில் பாதியைக் கூட்டுங்கள்: ஐந்தே கால். இறக்கம் சுலபம் என்று நினைக்காதீர்கள். நனைந்த தரையில் விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். நான்கு மணி நேரமாவது வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால், மேலே அரை மணி நேரம் உட்கார்ந்தாலும், திரும்பி வர மாலை நான்காகிவிடும். நவம்பரில் மேகம் மூடிய சோலைக்குள் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

ஆகவே மழை நாளில் 11 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் 11-க்குத் திரும்புங்கள்.

ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தாண்டலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அடையாளங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கித் தேநீர் நிறத்துக்கு வந்தால் மேலே மழை பெய்கிறது. சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. அடியில் கற்கள் உருளும் கடகட சத்தம் கேட்டால் பேச்சே இல்லை, கரையை விட்டு மேலேறுங்கள். ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென வற்றினாலும் அதையேதான் செய்ய வேண்டும். மேலே எங்கோ மரமோ மண்ணோ அடைத்திருக்கலாம், அது உடைந்து வரும்.

அடுத்து அளவு. ஒரு குச்சியை நீரோட்டத்தில் போட்டு, கரையோடு கூடவே நடந்து பாருங்கள். நீங்கள் வேகமாக நடந்தும் குச்சி முந்திக்கொண்டு போனால், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் தாண்ட வேண்டாம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் வேகம் எதுவாக இருந்தாலும் வேண்டாம். தாண்டும் இடத்துக்குக் கீழே பாறை இடுக்கோ அருவியோ இருந்தால் கணுக்கால் தண்ணீருக்குக்கூட யோசியுங்கள். கால் தவறினால் எங்கே போய் நிற்பீர்கள் என்பதுதான் கேள்வி.

தாண்டத் தகுந்ததாக இருந்தால், ஓடை அகன்று பரவி ஓடும் இடத்தைத் தேடுங்கள். குறுகலான இடம் பார்வைக்குச் சுலபமாகத் தெரியும். ஆழமும் வேகமும் அங்கேதான். ஷூவைக் கழற்ற வேண்டாம், சாக்ஸை மட்டும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். முதுகுப் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, மூங்கில் கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். கோலும் இரண்டு காலுமாக மூன்றில் இரண்டு எப்போதும் தரையில் இருக்கட்டும். பாறை விட்டுப் பாறை தாவ வேண்டாம். கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்ளவே கூடாது. விழுந்தவரை அது தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து வைத்துவிடும்.

முடியாது என்றால் காத்திருங்கள். சிறு மலை ஓடைகள் ஏறும் வேகத்தில் இறங்கவும் செய்யும். மழை விட்டுச் சில மணி நேரத்தில் தாழ்ந்துவிடும். நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். கல் மூழ்கினால் இன்னும் மேலே நகருங்கள். காத்திருக்கும் அந்த நேரத்துக்காகத்தான் பையில் ஒரு வேளை உணவும் தார்ப்பாயும் கூடுதலாக வேண்டும் என்கிறோம்.

இடி மின்னல் பிடித்துக்கொண்டால்?

மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். உச்சி, புல்வெளி முகடு, தனி மரம், காட்சிக் கோபுரம், கம்பி வேலி எல்லாவற்றையும் விட்டு இறங்குங்கள். ஒரே உயரமுள்ள அடர்ந்த மரங்களுக்கு நடுவே தாழ்வான இடம் பரவாயில்லை. ஆழமில்லாத பாறைக் குகை பாதுகாப்பல்ல. ஒருவருக்கொருவர் 15 மீட்டர் இடைவெளி விட்டு, பாதங்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள், படுக்க வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மேற்கொண்டு நடக்க வேண்டும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் "தாமினி" செயலி சுற்றுவட்டாரத்து மின்னலைக் காட்டும். சிக்னல் இருக்கும் இடம்வரைதான் அது உதவும்.

மேகம் இறங்கி வழி தெரியவில்லை என்றால்?

நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும் என்பது நம் மலைகளில் ஆபத்தான யோசனை. பெரும்பாலும் அருவியின் தலைக்குத்தான் அது கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, யானையும் காட்டுமாடும். மழைச் சத்தத்தில் நீங்கள் வருவது அவற்றுக்கும் கேட்காது, கிளை ஒடியும் ஓசை உங்களுக்கும் கேட்காது. பத்தடியில் நேருக்கு நேர் நிற்க நேரும். மழையில் வழிகாட்டி "திரும்பிடலாம் சார்" என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் திரும்புங்கள். காரணத்தைக் கீழே வந்து கேட்டுக்கொள்ளலாம்.

என்ன உடுத்துவது? குடை போதுமா?

குடை அடிவாரம்வரை. காற்றும் கிளையும் உள்ள இடத்தில் அது கையைக் கட்டிப்போடும். பாஞ்சோ (தலை வழியாகப் போர்த்திக்கொள்ளும் மழை அங்கி) பையையும் சேர்த்து மூடும், காற்றோட்டம் உண்டு. ஆனால் இறக்கத்தில் காலடியை மறைக்கும், முள்ளில் மாட்டும். செங்குத்தான பாதைக்கு மேல்சட்டையும் பேன்டுமாக இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்தான் நல்லது.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் சட்டை போதும், விலையும் குறைவு. பைக்கு மேலே போடும் உறையை நம்ப வேண்டாம். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே பெரிய கனமான பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஒரு ஜோடி காய்ந்த உடை, இரண்டு ஜோடி சாக்ஸ், தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க் ஆகியவை தனிச் சிறு உறையில் இருக்கட்டும். நடக்கும்போது எவ்வளவு நனைந்தாலும் அந்தக் காய்ந்த உடையைத் தொடாதீர்கள். அது நின்ற பிறகு போடுவதற்கு. உறைகளை எல்லாம் திரும்ப எடுத்து வாருங்கள்.

நம்ம ஊர் மலையில் குளிர் உயிரை எடுக்குமா?

எடுக்கும். பனி விழ வேண்டியதில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். நனைந்த உடை, முகட்டுக் காற்று, வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் 15 டிகிரியிலேயே உடம்பு சூடு இழக்கத் தொடங்கும். வெள்ளியங்கிரியில் கோடை மழையில் நனைந்து, இரவில் அதன் கடைசி மலையான ஏழாவது மலைக் காற்றில் நிற்பவர்களுக்கு இது நேரக்கூடியதுதான்.

முதலில் அடக்க முடியாத நடுக்கம். பிறகு பேச்சு குழறும், பொத்தானைப் போட விரல் வராது, நடை தடுமாறும். நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் மந்தமாக இருக்கிறார் என்றால் நிலைமை முற்றிவிட்டது. காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை முழுதாகக் கழற்றி, காய்ந்த உடை போட்டு, தலையை மூடி, தரைக்கும் உடம்புக்கும் நடுவே பையையோ பாயையோ போடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்காதீர்கள். "கொஞ்சம் பிராந்தி கொடுத்தால் சூடேறும்" என்பது தவறு. மது உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும்.

அட்டைப்பூச்சிக்கு என்ன செய்ய?

பேன்டை சாக்ஸுக்குள் செருகுங்கள்; முழங்கால்வரை வரும் அட்டை உறை இருந்தால் இன்னும் நல்லது. சாக்ஸின் மேல் உப்பையோ புகையிலைத் தூளையோ தேய்ப்பது உதவும், மழையில் கரைந்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். கடித்துவிட்டால் இழுக்காமல், மெல்லிய முனையை நகத்தால் தோலோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமல் சிறிது நேரம் வழியும். அழுத்திக் கட்டினால் நிற்கும். அட்டைக்குப் பயந்து திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

மலைச் சாலையில் மண்சரிவு வந்தால் எப்படித் திரும்புவது?

திட்டத்தில் பலர் மறப்பது இதைத்தான். நடை நன்றாக முடிந்து, இறங்கும் சாலை மூடியிருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; குன்னூர், கோத்தகிரிச் சாலைகளும் மலை ரயில் பாதையும் வடகிழக்கு மழைக்காலத்தில் அடிக்கடி அடைபடுபவை. இரண்டாவது வழியைத் தெரிந்து வையுங்கள், திரும்பும் ரயிலுக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள், இரவில் மலைச் சாலையில் இறங்காதீர்கள். சாலையில் புது விரிசல், சாய்ந்த மரம், சுவரிலிருந்து கலங்கிய ஊற்று, சிறு கற்கள் உதிர்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம்.

குழுவில் ஒருவர் மட்டும் "போயே தீர்வோம்" என்கிறார். என்ன செய்ய?

கிளம்பும் முன்பே ஒப்பந்தம் செய்யுங்கள்: திரும்பலாம் என்று ஒருவர் சொன்னாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். வாக்கெடுப்பு வேண்டாம். குழுவை இரண்டாகப் பிரிக்கவும் வேண்டாம். ஒரே வழிகாட்டி இரண்டு பக்கமும் இருக்க முடியாது.

யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்கு மேல் தேடத் தொடங்க வேண்டும் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். திட்டத்தை மாற்றினால் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேடுபவர்கள் வேறு மலையில் தேடுவார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112. முகட்டில் சிக்னல் கிடைக்கும் இடங்களை ஏறும்போதே குறித்துக்கொண்டே போங்கள்.